பதினாறு புரி

கூனங்கரணை ஏரிக்கு மூன்று மதகு. மூன்றையும் திறக்க ஒரே கைப்பிடி. அந்தக் கைப்பிடி பன்னிரண்டு வருஷமாக ரெபேக்காள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஆறு கிலோ இரும்பு. அதை எக்ஸெல் வண்டியில் காலுக்கு நடுவே கிடத்திக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை மேல் அவள் வருகிறபோது எதிரே வருகிற மாடுகூட ஒதுங்கி நிற்கும். பொதுப்பணித்துறை ஆபீஸ் காகிதத்தில் அவள் லஸ்கர், மதகுக் காவல். செய்யூர் பக்கத்து ஊர்களில் தண்ணிக்காரம்மா.

தண்ணீரைத் திறக்கணும், மூடணும், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் ஒரு நாள் அவள் பின்னால் நடந்து பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்குள் அளவுகல்லில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று படம் பிடித்து ஆபீஸ் வாட்ஸ்அப்பில் போடணும். கரையில் எலி வளை இருந்தால் சொல்லணும். வண்டல் மண் எடுக்கச் சீட்டு வாங்கியவன் சீட்டில் இருக்கிற சர்வே எண்ணில்தான் எடுக்கிறானா என்று பார்க்கணும். பார்த்தால் அவன் முறைப்பான், பார்க்காவிட்டால் ஆபீஸ் முறைக்கும். ஏரிக்கு வருகிற கால்வாயை மறித்து மனை போட்டவன் மேல் மனு எழுதணும், அந்த மனு எந்த மேசையில் தூங்குகிறது என்று போய் எழுப்பணும். இதற்கெல்லாம் மேலே பாசன சங்கம். தை மாசம் நவரைப் பட்டத்துக்கு முன்னால் சங்கம் கூடி, எந்த மடைக்கு எத்தனை நாள் என்று முறை போட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போய்விடும். போட்ட முறையைக் காப்பாற்றுவது ரெபேக்காள் தலையில். தண்ணீர் வந்தால் ஏரி கொடுத்தது. வராவிட்டால் ரெபேக்காள் கொடுக்கவில்லை.

அது அவள் புருஷன் ஜெரோம் பார்த்த வேலை. ஒரு ஐப்பசி மழையில், கரை மேல் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. வாரிசு வேலைக்கான ஃபைல் செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இரண்டு வருஷம் நடந்து, கடைசியில் ரெபேக்காளுக்கு ஆர்டர் வந்தது. அவர்கள் குடியிருக்கிற காலனியில் ஜெரோமின் அப்பா காலம் வரைக்கும் யாருக்கும் கையகல நிலம் கிடையாது. ஏரிக்குப் பக்கத்து மேல்மடைக்காரர்களின் வயலில் கூலிக்கு நின்றவர்கள். பிறகு கடைமடையில் ஆளுக்கு நாற்பது சென்ட், ஐம்பது சென்ட் என்று பட்டா வந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளி, எல்லோரும் குடித்து மிச்சம் வந்தால் வருகிற இடத்தில். அந்தக் காலனிப் பெண் ஒருத்தி மதகைத் திருகுகிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? சங்கத் தலைவர் கலைவாணன், ஏரியை ஒட்டினாற்போல் எட்டு ஏக்கர் வைத்திருக்கிறவர், முதல் நாளே சிரித்துக்கொண்டே கேட்டார்: “இன்னாம்மா, சோறு கிண்டுற கைக்கு மதகு சுத்துமா?”

சுற்றியது. உடம்பை முழுக்கச் சாய்த்து, பல்லைக் கடித்து, அவள் சுற்றினாள்.

ஜெரோம் அவளுக்கு விட்டுப்போன சொத்து ஒரு கணக்கு. மதகு மேல் நிற்கிற இரும்புத் தண்டில் திருகாணி மாதிரிப் புரி ஓடும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு புரி மேலே ஏறும், அடியில் கதவு அந்த அளவு தூக்கும். மேல்மடைக்கு முறை என்றால் ஆறு புரி. நடுமடைக்குப் பத்து. கடைமடைக்குப் பதினாறு. கடைமடை தூரம், குறைத்துத் திறந்தால் வழியிலேயே மண் குடித்துவிடும். அவனுக்குக் கஞ்சி கொண்டுபோன நாட்களில் அவன் சத்தமாக எண்ணிக்கொண்டே திருகுவதைக் கேட்டுக் கேட்டு அது அவளுக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம் ஆகியிருந்தது. அந்தக் கணக்கை அவள் ஒரு புரிகூடத் தப்பவிட்டதில்லை. கலைவாணன் நிலத்துக்கு ஆறு என்றால் ஆறுதான். தன் சொந்த நாற்பது சென்ட் காய்ந்தாலும் முறை வராமல் பதினாறு கிடையாது. எட்டு வருஷத்தில் ஊர் அவளை நம்பப் பழகிக்கொண்டது. அவளுக்கு அந்த நம்பிக்கைதான் சோறு.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கு ஒரு திட்டம் வந்தது. கரையைப் பலப்படுத்தினார்கள். வாய்க்காலுக்குப் பாதி தூரம் சிமெண்டு போட்டார்கள். மூன்று மதகிலும் ஒழுகிக்கொண்டிருந்த பழைய கதவையும் தண்டையும் பிடுங்கிவிட்டுப் புதுசு வைத்தார்கள். பழைய இரும்பை லாரியில் ஏற்றும்போது ரெபேக்காள் போய் நின்றாள்.

“எங்க வூட்டுக்காரர் கைபட்ட தண்டு. ஒண்ணே ஒண்ணு குடுத்துட்டுப் போங்கய்யா.”

கான்ட்ராக்டர் ஆளுக்கு என்ன தோன்றியதோ, ஒரு தண்டை இறக்கிப் போட்டான். அதை வீட்டு வாசலில் நட்டு, எதிரே வேப்பமரத்துக்குக் கொடி கட்டித் துணி காயப்போட்டாள்.

புதுத் தண்டு எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருந்தது. கைப்பிடியை மாட்டிச் சுற்றினால், அடடா, என்ன லேசு. ஒரு கையால் சுற்றலாம். சோறு கிண்டுகிற கை என்று சொன்னவர் வந்து பார்க்கட்டும் என்று அன்றைக்கு அவளுக்கு ஒரு கர்வம் வந்தது. வராமல் என்ன செய்யும்? எட்டு வருஷம் தோள் வலியோடு படுத்தவள். லேசாகச் சுற்றுகிறதே, ஏன் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. புதுசு, அதனால் லேசு. அவ்வளவுதான்.

அடுத்த நவரைக்கு ஏரியில் பாதித் தண்ணீர்தான். முறைப்படி கடைமடைக்குப் பதினாறு புரி திறந்தாள். சிமெண்டு வாய்க்காலில் தண்ணீர் மெலிசாக, வேகமாக ஓடியது. சிமெண்டில் அப்படித்தான் தெரியும், ஓடியே போய்விடும் என்றார்கள். ஆனால் ஆறு நாள் முறையில் ஆறாம் நாளும் தண்ணீர் பாதி வழிக் கல்வெர்ட்டைத் தாண்டவில்லை. கடைமடையில் பயிர் பால் பிடிக்கிற நேரம். காலனிப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

“நம்மாளு கையில சாவி வந்தும் நம்ம நெலம் காயுதே ரெபேக்கா. எவன் புடுங்கினு போறான்னு பாக்க மாட்டியா?”

பார்த்தாள். வாய்க்கால் ஓரமாக மூன்று கிலோமீட்டரை மூன்று தடவை நடந்தாள். ஏரிக்குக் கிட்டே முதல் திருப்பத்தில் ஒன்றரை ஏக்கர் மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. அதன் வரப்புக்கு அடியிலிருந்து வாய்க்காலுக்குள் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பயிர் ஏசுதாசுடையது. ஜெரோமின் தம்பி. சென்னையில் இருக்கிற ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, காலனியிலிருந்து முதல் ஆளாக மேல்மடையில் பயிர் வைத்தவன். அண்ணன் செத்த அன்றிலிருந்து அண்ணி வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று மழைக்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போகிறவன்.

“ஏசு, இன்னா குழா இது?”

“வடிகால் குழா அண்ணி. வயல்ல மிஞ்சுன தண்ணி வாய்க்காலுக்குப் போறதுக்கு. அண்ணன் இருக்க சொல்லவே வெச்சது.”

“பின்ன உன் பயிரு மட்டும் எப்பிடி இப்பிடி கீது?”

“கரையோரம் இல்ல? ஏரிக் கசிவு தண்ணி கீழயே கீது.”

அது உண்மை. கரையோர வயலுக்குக் கசிவு உண்டு என்று அவளுக்கே தெரியும். ஆனால் ஒரு தடவை திருடன் என்று பார்த்துவிட்டால் பிறகு அவன் தும்மினால்கூடத் திருட்டுத் தும்மலாகத்தான் தெரியும். கொழுந்தன் என்பதால் விட்டுவிட்டாள் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் எட்டு வருஷ நம்பிக்கை என்ன ஆகும்? கடைமடைக்காரர்கள் அவளை நம்பித்தானே காத்திருக்கிறார்கள்?

கலைவாணன் உடனே சங்கத்தைக் கூட்டினார். அவர் நிலத்துக்குப் பக்கத்து நிலம் அது, அதன் மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண் என்பது ஊருக்கே தெரியும். ரெபேக்காளுக்கும் தெரியும். அது வேறு, இது வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள், பொழுது சாயும் நேரம், ஏசுதாஸ் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு சவுக்குக் கம்பு. வாய்க்கால் பக்கம் போகிறவர்கள் பாம்புக்கு வைத்திருப்பதுதான்.

“அண்ணி, ஒரு அஞ்சு நிமிசம். கதவத் தொற.”

அவள் ஜன்னல் வழியாகப் பேசினாள். “நாளைக்குக் கூட்டத்துல பேசு ஏசு. வூட்டுல வெச்சுப் பேசுனா, உள்ளுக்குள்ளயே முடிச்சிகினாங்கன்னுவாங்க.”

“முடிச்சிக்கற விசயமில்ல அண்ணி. உன்கிட்ட ஒண்ணு காட்டணும்.”

“எல்லார் முன்னாலயும் காட்டு.”

அவன் உடனே போகவில்லை. வாசலில் கொடி கட்டிய தண்டுக்குப் பக்கத்திலேயே குனிந்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தான். கோபித்துக்கொண்டு நிற்கிறான் என்று அவள் ஜன்னலைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது போய்விட்டிருந்தான்.

மறுநாள் சங்கக் கட்டடத்தில் நாற்பது பேர். அதே கம்போடு ஏசுதாஸ் வந்தான். அவன் பேசினது கொஞ்சம்தான்.

“அண்ணி, புதுத் தண்டுல புரி பொடிசா கீது. நீ பழைய கணக்குல சுத்தினுகீற. தண்ணி திருட்டுப் போவல அண்ணி. ஏரிய வுட்டே சரியா கெளம்பல.”

கலைவாணன் சிரித்தார். “தண்ணி திருடுனவன் புரி எண்ணிப் பாக்க வந்துட்டான்யா.” கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஏசுதாஸ் கம்பைத் தூக்கிக்கொண்டு, “இத பாரு அண்ணி” என்று ரெபேக்காளை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். “கம்ப கீழ போட்றா! பொம்பள மேல ஓங்கினு வர்றியா?” என்று கலைவாணன் எழுந்தார். நாலு பேர் அவனைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

ரெபேக்காள் முகம் எரிந்தது. இத்தனை ஆம்பிளைகள் முன்னால், ஜெரோமின் தம்பி, உனக்கு எண்ணத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டான். அவள் காதில் விழுந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் காதுக்கு வெளியே நின்றுவிட்டது.

அன்றைக்கே அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினாள். அனுமதியில்லாத குழாய். தண்ணீர் திருட்டு. கடைமடைப் பயிர் பாதிப்பு. “கம்போட வந்தத எழுதலியே” என்று கலைவாணன் எட்டிப் பார்த்தார். எழுதினாள்: விசாரணைக் கூட்டத்துக்குக் கையில் கம்புடன் வந்து மிரட்டினார். புரி பொடிசு என்று அவன் சொன்னதை எழுதவில்லை. கூட்ட நோட்டிலும் ஏற்றவில்லை. பைத்தியக்காரப் பேச்சை எதற்கு ஏற்றுவது?

பிறகு நடந்ததெல்லாம் தன்னால் நடந்தது. குழாயைப் பிடுங்கினார்கள். போலீஸ் அவனை மூன்று நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்து எழுப்பி, உட்கார வைத்து எழுப்பி, வழக்குப் போட்டது. திருட்டு வழக்கு உள்ளவனுக்குக் குத்தகை வேண்டாம் என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். அறுப்புக்குப் பதினைந்து நாள் இருந்தது. ஆறு மாசத்தில் நிலம் கலைவாணன் கைக்கு மாறியது. இன்றைக்கு அங்கே வெள்ளைக் கல் நட்டிருக்கிறது, மனை ஒன்று முதல் இருபத்திரண்டு வரை.

ஏசுதாசும் அவன் பெண்டாட்டி முனியம்மாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கேளம்பாக்கத்துக்குக் கிளம்பின காலையில், பஸ் நிறுத்தத்தைத் தாண்டி ரெபேக்காள் வண்டியில் போனாள். முனியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏசுதாஸ் மட்டும், எப்போதும் சொல்கிற மாதிரியே, “வரேன் அண்ணி” என்றான். அவள் வண்டியை முறுக்கினாள்.

அந்த வருஷம் ஆகஸ்டு பதினைந்துக்கு அவளுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். சொந்தம் பாராமல் கடமையாற்றியவர் என்று அச்சடித்திருந்தது. அதைக் கண்ணாடி போட்டு ஜெரோம் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். அடுத்த இரண்டு வருஷம் மார்கழி மழை கொட்டித் தீர்த்தது. ஏரி தளும்பி நின்றதால், தண்ணீர் தன் கனத்திலேயே பீறிட்டுக் கடைமடை வரைக்கும் போய்விட்டது. திருடன் போனான், தண்ணீர் வந்தது என்று ஊர் சொன்னது. ரெபேக்காளும் நம்பினாள். ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

இந்த வருஷம் மழை குறைவு. ஏரியில் பாதித் தண்ணீர். பதினாறு புரி திறந்தாள். ஆறாம் நாள், தண்ணீர் அதே பாதி வழிக் கல்வெர்ட்டில் நின்றது.

திருட அங்கே யாரும் இல்லை. ஏசுதாஸ் பயிர் வைத்த இடத்தில் வெள்ளைக் கல்தான் நின்றது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த வாரம் ஒரு காலையில் வீட்டுக் கொடி அறுந்து விழுந்தது. புது நைலான் கயிறு வாங்கிவந்து பழைய தண்டில் சுற்றினாள். கயிறு புரிக்குள் உட்கார்ந்து, அசைந்துகொடுக்காமல் பிடித்துக்கொண்டது. மிச்சக் கயிற்றையும் கைப்பிடியையும் எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனாள். ‘குளிக்கக் கூடாது’ பலகை காற்றில் விழுந்துகொண்டே இருந்தது, அதைத் தண்டோடு கட்டலாம் என்று. சுற்றினாள். கயிறு வழுக்கி இறங்கியது. இன்னும் இறுக்கிச் சுற்றினாள். மறுபடியும் இறங்கியது. என்ன இது, வீட்டில் உட்கார்ந்த கயிறு இங்கே உட்காரமாட்டேன் என்கிறதே என்று குனிந்து பார்த்தாள். கட்டைவிரலைப் புரியில் வைத்துப் பார்த்தாள். விரல் நுழையவில்லை. வீட்டுத் தண்டில் தினமும் துணி போடும்போது அதே கட்டைவிரல் புரிக்குள் அழகாக உட்காருமே.

பதினாறு புரியை எண்ணிக் கையை விரித்து அளந்தாள். அரைச் சாண்.

கைப்பிடியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஈரத்துணியை ஒதுக்கிவிட்டு, பழைய தண்டில் பதினாறு எண்ணினாள். ஒரு சாண்.

புரி பொடிசா கீது. அவன் சொன்னது மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. தண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெரோமின் தண்டு. நாலு வருஷமாக வாசலிலேயே நிற்கிறது. தினம் அதில் துணி காயப்போட்டிருக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கையை வைத்து அளந்திருந்தால் போதுமே.

மறுநாள் முப்பத்திரண்டு புரி திறந்தாள். நாலாம் நாள் கடைமடை நிறைந்தது. காலனிப் பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, நீ நல்லா இருக்கணும் என்றார்கள். ஒவ்வொருத்தி சொல்லும்போதும் அவளுக்குக் கன்னத்தில் அறை விழுகிற மாதிரி இருந்தது.

ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவிப் பொறியாளர் ஷபானா போன வருஷம் வந்தவள். சின்ன வயசு, கனிவான பெண். ரெபேக்காள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவள் பேனாவை மூடிவைத்துவிட்டாள்.

“அம்மா, இது உங்க தப்பு மட்டும் இல்ல. ஷட்டர் மாத்தும்போதே ஒரு புரிக்கு எவ்வளவு தூக்கும்னு அளந்து போர்டு எழுதி வெச்சிருக்கணும். யாரும் வெக்கல. ஆனா திட்டம் முடிஞ்சு, எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு. இப்போ போய் ரிப்போர்ட் தப்புன்னு நீங்க எழுதினா, நடவடிக்கை முதல்ல உங்க மேலதான் வரும். ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாசம்தானே இருக்கு? அந்த வழக்கு எப்படியும் நிக்காதும்மா, தானா போயிடும்.”

“வழக்கு போயிடும் மேடம். திருடன்ற பேரு?”

ஷபானா மூடிவைத்த பேனாவை மறுபடி எடுத்தாள். “எழுதிக் கொடுங்க. நான் மேல அனுப்புறேன். ஆனா ஒண்ணு கேப்பாங்க. இப்போ வந்து சொல்றீங்களே, அன்னைக்கே அவர் இதைச் சொன்னார்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்னு கேப்பாங்க. கூட்ட நோட்டுல இருக்கா?”

ரெபேக்காள் தலையை ஆட்டினாள். இல்லை. எழுத வேண்டியவள் அவள்தான். அவள் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல், கல்பாக்கத்தில் ஒன்று, மாமல்லபுரத்தில் ஒன்று என்று பஸ் மாறிக் கேளம்பாக்கம் போய்ச் சேர்ந்தாள். பதினாலு மாடிக் கட்டடங்கள். காலனிக்காரர்கள் சொன்ன அடையாளத்தில் விசாரித்துக்கொண்டு போனால், ஒரு பெரிய கேட்டில், நீலச் சட்டையும் தொப்பியுமாக ஏசுதாஸ் நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

“வா அண்ணி. நாஸ்தா துன்னியா?”

தன்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியை நிழலில் இழுத்துப் போட்டு உட்கார வைத்தான். பஸ்ஸில் வரும்போது எப்படி ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது என்று அவள் அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. “நீ சொன்னது சரிடா ஏசு. நான்தான் தப்பா எண்ணிட்டேன்” என்றாள். கயிறு வழுக்கினதைச் சொன்னாள். சாண் போட்டு அளந்ததைச் சொன்னாள். அவன் கேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“கடைமடைக்குத் தண்ணி போச்சா?”

“போச்சு. முப்பத்திரண்டு வெச்சேன். நாலாம் நாள் ரொம்பிட்ச்சு.”

“அப்ப சரி” என்றான். அவன் முகத்தில் நிஜமாகவே ஒரு சந்தோஷம் வந்தது. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை. திட்டுவான், அடித்து விரட்டினாலும் விரட்டுவான் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள்.

“மன்னிச்சுக்கடா” என்றாள்.

தண்ணீர் லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. “ஒரு நிமிசம் அண்ணி” என்று எழுந்தவன், சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு கம்பை எடுத்துக்கொண்டு போனான். லாரி தண்ணீரைக் கொட்டுகிற தரைத்தொட்டியின் மூடியைத் தூக்கி, கம்பை உள்ளே விட்டு எடுத்து, எவ்வளவு ஈரம் என்று பார்த்தான். திரும்பி வந்து கம்பை அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்தான்.

சவுக்குக் கம்பு. ஒரு பக்கம் வரிசையாகக் கத்தியால் வெட்டின கோடுகள், விரல் விரலாக இடைவெளி விட்டு. மறுபக்கமும் கோடுகள், நெருக்கி நெருக்கி. ரெபேக்காளின் கை அவளைக் கேட்காமலே எண்ணியது. இந்தப் பக்கம் பதினாறு, ஒரு சாண். அந்தப் பக்கம் பதினாறு, அரைச் சாண்.

“ஏசு, இன்னாடா கம்பு இது?”

“அதான் அண்ணி, அன்னிக்கி எடுத்தாந்தது. பொடிசா கீற பக்கத்த மதகுல வெச்சு வெட்டிகினு நேரா உன் வூட்டுக்குத்தான் வந்தேன். நீ கதவத் தொறக்கல. சரி, கூட்டத்துலயே காட்டலாம்னு மறுபக்கத்த அங்கயே, உன் கொடிக் கம்பத்துல வெச்சு வெட்டிகினேன். காட்டத்தான் வுடல.”

அவன் குறையாகச் சொல்லவில்லை. நேற்றுக் கடைக்குப் போனதைச் சொல்கிற மாதிரிச் சொன்னான். அவளுக்கு ஜன்னல் ஞாபகம் வந்தது. தண்டுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றவன். கோபித்துக்கொண்டு நிற்கிறான் என்று அவள் சாத்தின ஜன்னல். பிறகு தன் கையெழுத்து ஞாபகம் வந்தது.

“கம்போட வந்து மிரட்டுனன்னு எழுதிட்டேன்டா நான்.”

“தெரியும் அண்ணி. டேசன்ல படிச்சுக் காட்னாங்க.”

அவள் கம்பை மார்போடு பிடித்துக்கொண்டாள். இதுதான் ஷபானா கேட்ட ஆதாரம். அன்றைக்கு அவன் கம்போடு வந்தான் என்று அவள் கையெழுத்தே சொல்லுமே. இதைக் காட்டினால் ஆபீஸ் நம்பும். நம்பினால் அவன் பேர் திரும்பும். நிலம் திரும்பாது, நின்ற பயிர் திரும்பாது, அந்த மூன்று நாள் திரும்பாது. பேராவது திரும்பட்டும். “இத எனக்குக் குட்றா. ஆபீசுல காட்டணும்” என்றாள்.

“எடுத்துகினு போ. தொட்டிக்கு வேற ஒண்ணு வெட்டிக்கிறேன்” என்றான். பிறகு ஏதோ யோசித்தவன், காவல் கூண்டுக்குள் போய்ப் பழைய செய்தித்தாள் இரண்டு தாள் எடுத்துவந்து, கம்பை அவள் கையிலிருந்து வாங்கி, மேலிருந்து கீழ் வரைக்கும் சுற்றி, சணல் போட்டுக் கட்டிக் கொடுத்தான்.

“இப்பிடியே எடுத்துகினு போ அண்ணி. கைல வெறுங் கம்போட உள்ள போனா, உன்னயும் மிரட்ட வந்தாள்னு எழுதிடப் போறாங்க.”

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. அண்ணிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் சொன்னான்.

மாமல்லபுரம் பஸ்ஸில் பேப்பர் சுற்றிய கம்பை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார். பேப்பருக்கு மேலாகவே கோடுகளைத் தடவி, அவள் பதினாறு வரைக்கும் எண்ணிக்கொண்டிருந்தாள்.